இதயச் செயலிழப்பில் பீட்டா தடுப்பி கொடுப்பது எப்படி: புதிய தாதியருக்கான செய்முறை

தளர்ந்த இதயத்தை உடல் அட்ரினலினால் ஓயாமல் விரட்டுவதும், அந்த விரட்டலே இதயத் தசையை மேலும் கெடுப்பதும் இந்நோயின் இயல்பு. பீட்டா தடுப்பி அதைத் தணிக்கிறது. எனினும் தொடக்கத்தில் இதயத்தின் விசையையும் குறைப்பதால், ஒரு காலத்தில் இந்நோயாளிகளுக்கு இம்மருந்தே ஆகாது என்று கருதப்பட்டது; 1999இல் வெளியான பெரிய ஆய்வுகள் அக்கருத்தை மாற்றின. இன்றும் எச்சரிக்கை தேவைப்படுவது தொடக்கத்தில் விசை குறைவதால்தான்.

முதலில் மருந்தின் பெயரை முழுமையாகப் படியுங்கள். பிசோப்ரோலோல், கார்வெடிலோல், மெட்டோப்ரோலோல் சக்சினேட் ஆகியவை உயிரிழப்பைக் குறைப்பதாக நிறுவப்பட்டவை. மெட்டோப்ரோலோல் டார்ட்ரேட் இவற்றுக்கு மாற்றாகாது.

அடுத்து, ஸ்டெதஸ்கோப்பை இதய நுனியில் வைத்து முழு ஒரு நிமிடம் துடிப்பை எண்ணுங்கள். படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் இரத்த அழுத்தம் பாருங்கள். துடிப்பு 50க்குக் கீழோ, மேல் அழுத்தம் 90க்குக் கீழோ இருந்தால் மாத்திரையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள். வார்டில் வேறு வரம்பு எழுதப்பட்டிருந்தால் அதுவே செல்லும். ஆஸ்துமா உண்டா என்றும் கேளுங்கள்.

கார்வெடிலோலை உணவோடு கொடுத்தால் அது மெதுவாக உறிஞ்சப்படும், எழும்போது தலைசுற்றுவதும் குறையும். ஆகவே, "ஐயா, பசியாறிட்டீங்களா?" என்று கேட்பது வெறும் உபசாரமன்று. மெட்டோப்ரோலோல் சக்சினேட்டை நசுக்கக் கூடாது.

அளவை உயர்த்துவதில் அவசரம் வேண்டாம். பிசோப்ரோலோல் வழக்கமாக 1.25 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது இரண்டு வார இடைவெளிகளில், தாங்கும் அளவுக்கு ஏற்ப 10 மில்லிகிராம் வரை செல்லும். கால்வீக்கமோ மூச்சுத்திணறலோ கூடியிருக்கும்போது உயர்த்தினால் நிலைமை மோசமாகலாம். உடலில் தேங்கிய நீர் இறங்கிய பிறகே அடுத்த படி. மூன்று நாளில் இரண்டு கிலோ எடை ஏறினால் உடனே தெரிவிக்கும்படியும், மாத்திரையைத் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாதென்றும் வீட்டாருக்கும் சொல்லுங்கள்.

பினாங்கில் பணியாற்றுவோர் தைப்பூசக் காலத்தில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நேர்த்திக்கடன் வைத்து விரதமிருக்கும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை இறங்கினால், வழக்கமான படபடப்பையும் நடுக்கத்தையும் இம்மருந்து மறைத்துவிடும். வியர்வை மட்டும் பெரும்பாலும் மறையாது. விரதத்தைக் கைவிடச் சொன்னால் பலர் நம்மிடம் மறைப்பார்களே தவிர, விடமாட்டார்கள். ஆகவே விரதம் தொடங்குமுன்பே மருத்துவரைப் பார்க்கச் செய்து, காரணமின்றி வியர்த்தால் உடனே சர்க்கரையைச் சோதிக்கக் கற்றுக்கொடுங்கள்.