மார்கழிக் கச்சேரியும் செமஸ்டர் சப்மிஷனும்: மாணவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டு கொஞ்சம் பாட்டுப் பைத்தியமாகவும் இருப்பவர்களுக்கு டிசம்பர் மாதம் தலைவலிதான். மியூசிக் அகாடமி சீசன் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி 1 சதஸ் (விருது வழங்கும் விழா) வரை போகும். நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மகால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று மற்ற இடங்களிலும் அதே நாட்களில்தான் கச்சேரி. சரியாக அப்போதுதான் லேப் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து, மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ, சில கல்லூரிகளில் செமஸ்டர் பரீட்சை எல்லாம் வந்து நிற்கும். ஒன்றை விட்டால்தான் இன்னொன்று என்று நான் நினைக்கவில்லை. ஆனால் நேரக் கணக்கில் நிறைய பேர் தப்புப் பண்ணுகிறார்கள்.

முதல் தப்பு, கடைசி நாள் ராத்திரி 11:59 வரை நேரம் இருக்கிறது என்று நம்புவது. கூகுள் கிளாஸ்ரூமில் ஏற்றும் அசைன்மென்டுக்கு அது சரி. ரெக்கார்டுக்கு? அதில் ஸ்டாஃப் கையெழுத்து வேண்டும், அவர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார், அவர் மேசை முன்னால் உங்களைப் போலவே பாதி வகுப்பு நிற்கும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் என்றால் ஜெராக்ஸ் கடையில் பிரின்ட், ஸ்பைரல் பைண்டிங், அட்டையில் ரெஜிஸ்டர் நம்பர் தப்பாக வந்து மறுபடி பிரின்ட். இது குழுவாகச் செய்யும் வேலை என்றால் பிபிடியை (ஸ்லைடு கோப்பை) வைத்திருப்பவன் போனை எடுக்கவே மாட்டான். ஆகவே உங்கள் உண்மையான கெடு முந்தின நாள் மதியம். அதைக் காலண்டரில் குறித்துவிட்டு அப்புறம் சபா அட்டவணையைக் கையில் எடுங்கள்.

அடுத்தது, கச்சேரி இரண்டரை மணி நேரம்தானே என்ற கணக்கு. தாம்பரம் பக்கத்துக் கல்லூரியிலிருந்து அகாடமி இருக்கும் டி.டி.கே. சாலைக்கு ஏழு மணிக்குள் வர ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். சபா கேன்டீனுக்குப் போகாமல் இருக்கப் போவதில்லை (போகாதே என்று சொல்ல எனக்கும் மனசு வராது), அங்கே இலை கிடைக்கக் காத்திருப்பதே ஒரு சின்னக் கச்சேரி நேரம். முடிந்து வெளியே வந்தால் அக்கம்பக்கத்துச் சபாக்களும் விட்டிருக்கும், எல்லோரும் ஒரே ஆட்டோவுக்குக் கை நீட்டுவார்கள். ஹாஸ்டல் கேட் மூடும் நேரம் தனிக் கதை, அவுட் பாஸை முன்கூட்டியே எழுதி வாங்காவிட்டால் வார்டனிடம் பாட வேண்டியதுதான். ஆக, ஒரு சாயங்காலக் கச்சேரி என்றால் அரை நாள் போச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்கால ஸ்லாட்டுக்கு மட்டும்தான் போவேன் என்று அடம் பிடிப்பதும் இதோடு சேர்ந்ததுதான். பெரிய சபாக்களில் மதியக் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம், பாடுபவர்கள் உங்கள் வயதை ஒட்டியவர்கள், கேட்பதற்கு இடமும் தாராளமாக இருக்கும். வகுப்பைக் கட் அடித்துவிட்டுப் போகச் சொல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழக விதியில் 75 சதவீத வருகை இல்லாவிட்டால் சிக்கல், 65-க்கும் கீழே போனால் மருத்துவச் சான்றும் காப்பாற்றாது. சனி, ஞாயிறு, கிறிஸ்துமஸ் விடுமுறை, படிப்பு லீவு என்று சீசனுக்குள்ளேயே பகல்கள் கிடைக்கும். மதியம் கேட்டுவிட்டு ஆறு மணிக்கெல்லாம் அறைக்கு வந்தால் ராத்திரி முழுக்க உங்கள் கையில்.

இன்றைக்கு விட்டால் இவரை அடுத்த வருஷம்தான் கேட்க முடியும் என்ற பதற்றம் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும் விட அதிகமாகக் கெடுக்கிறது. முன்னணிப் பாடகர்கள் ஒரே சீசனில் பல சபாக்களில் பாடுகிறார்கள். உங்கள் வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வுக்கு) முந்தின நாள் ஒருவர் அகாடமியில் பாடினால், அவரே அடுத்த வாரம் தி.நகரில் பாடக்கூடும், டிக்கெட்டும் அங்கே மலிவாக இருக்கலாம். நாலைந்து சபா அட்டவணைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிப் பதற்றம் போய்விடும். ராகம் தானம் பல்லவி (ஒரே ராகத்தை விரிவாகப் பாடும் பெரிய உருப்படி) கட்டாயம் இருக்கும் என்று அறிவித்த கச்சேரி, அபூர்வமான ஜோடி, இப்படி மறுபடி கிடைக்காதவற்றை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

சபாவுக்கு லேப்டாப் கொண்டுபோகாதீர்கள். கேன்டீனில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் யாரும் லிட்டரேச்சர் சர்வே எழுதி முடித்ததில்லை. இருட்டு அரங்கில் மடியில் போனைத் திறந்து குழுவுக்குப் பதில் போடுவதும் அப்படித்தான், வெளிச்சம் பின்வரிசை மாமி முகத்தில் அடிக்கும், திட்டு வாங்குவீர்கள், நியாயமான திட்டு. மெயின் உருப்படியை ஒட்டி மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் நேரம் மிச்சம் என்று எழுந்து போகும் வழக்கத்தையும் மாணவர்களாவது விடலாம். மிருதங்கக்காரருக்கு அன்றைக்குக் கிடைப்பதே அந்தக் கால் மணி, அரை மணி நேரம்தான். கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமா, ஓர நாற்காலியில் உட்கார்ந்து, மெயின் உருப்படிக்கு முன்னால் ஒரு பாட்டு முடிந்து கைதட்டும்போதே போய்விடுங்கள்.

திரும்பி வந்து பத்தரைக்கு மேல் உட்கார்ந்து முடிக்கிறேன் என்பார்கள். எதை முடிப்பது என்பதைப் பொறுத்தது. கல்யாணி ராக ஆலாபனை காதில் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக யோசித்து எழுதும் வேலை நகராது, புரோகிராம் கோடில் பிழை தேடுவதும் நடக்காது. அதெல்லாம் காலையிலேயே முடிய வேண்டும். ஆனால் ரெக்கார்டு எழுதுவது அப்படி இல்லை. வலது பக்கம் நீல மையில் நோக்கம், செய்முறை, இடது பக்கம் பென்சிலில் சர்க்யூட் படமும் அட்டவணையும், கண் பார்த்தால் கை எழுதும். கிராஃப் ஷீட் ஒட்டுவது, மேற்கோள் பட்டியலை வரிசைப்படுத்துவது இவையும் அந்த ரகம்தான். கச்சேரி நாள் ராத்திரிக்கென்றே இப்படிப்பட்ட வேலைகளை எடுத்து வையுங்கள். மறுநாள் காலை எட்டு மணி லெக்டெமுக்கும் (பாடிக் காட்டி விளக்கும் உரைக்கும்) போவேன் என்றால் மட்டும் அதையும் தொடாமல் தூங்கிவிடுங்கள்.

கடைசியாக, பொய் சொல்லி நாள் தள்ளிப்போடுவது. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று மெயில் அனுப்பிவிட்டுச் சபா வாசலிலிருந்து ஸ்டேட்டஸ் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதை விடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: பாட்டுக் கேட்கும் பேராசிரியர்கள் இந்த ஊரில் ஏராளம். கேன்டீன் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பது உங்கள் எச்.ஓ.டி.யாக (துறைத் தலைவராக) இருக்கலாம். இரண்டு நாள் வேண்டும் என்று ஒரு வாரம் முன்னாலேயே நேராகக் கேட்டால் கொடுக்கிற ஆள்தான் அவர், என்ன பாடினார்கள் என்றும் விசாரிப்பார்.