எங்கோ போர், இங்கே நெருக்கடி: அரசின் அடுத்த நகர்வை முன்கூட்டியே கணிப்பது எப்படி?

வளைகுடாவில் குண்டு விழுந்ததும் டிவியில் வரும் அமைச்சர் பேட்டிகளை விடுங்கள். வெள்ளிக்கிழமை மாலை ரிசர்வ் வங்கி வெளியிடும் அந்நியச் செலாவணிக் கையிருப்பை, அதாவது நாட்டின் கையில் இருக்கும் டாலர் போன்ற வெளிநாட்டுச் சேமிப்பைப் பாருங்கள். அதை ஒரு மாத இறக்குமதிச் செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்குக் கீழே போனால் அரசு எதையும் செய்யத் துணியும்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் அதிபர் சதாம் உசேன் குவைத்துக்குள் படையை அனுப்பினார். சில மாதங்களிலேயே கச்சா எண்ணெய் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. குவைத்தில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை அம்மான் வழியாக விமானத்தில் கூட்டிவந்தார்கள், நல்ல வேலைதான், ஆனால் அவர்கள் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த டாலரும் அத்தோடு நின்றது. 1991 நடுவில் கையிருப்பு ஏறத்தாழ மூன்று வார இறக்குமதிக்குத்தான் தேறியது.

அடுத்து, யார் கடன் தருகிறார்கள் என்று பாருங்கள். 1991 ஜனவரியில் ஐஎம்எஃப் என்னும் பன்னாட்டு நிதியம் கடன் கொடுத்தது. அதே மாதம் வளைகுடாப் போருக்காக அமெரிக்க ராணுவ விமானங்கள் மும்பையிலும் சென்னையிலும் எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. அப்போதைய பிரதமர் சந்திரசேகரின் அரசு இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசவில்லை, ஊர் பேசியது. காங்கிரஸ் எதிர்த்ததும் எரிபொருள் கொடுப்பதைப் பிப்ரவரியில் நிறுத்தினார்கள். அதனால் பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியையும் வணிகப் பக்கத்தையும் சேர்த்தே படியுங்கள்.

கை இறுகும்போது அரசுகள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகும். முதலில் இறக்குமதிக்குக் கடிவாளம்: அப்போது இறக்குமதியாளர்கள் வங்கியில் கட்ட வேண்டிய முன்பணத்தைப் படிப்படியாக 200 சதவீதம் வரை ஏற்றினார்கள். அதுவும் போதாதபோது, வீட்டில் பணம் இல்லாவிட்டால் நாம் செய்வதைத்தான் அரசும் செய்தது. மே மாதம் 20 டன் தங்கம் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்தோடு சுவிஸ் வங்கிக்குப் போனது, ஜூலையில் சுமார் 47 டன் லண்டனுக்கு அடகு போனது, இந்த இரண்டாவது அடகில் கிடைத்தது 40 கோடி டாலர் போல. ரூபாயின் மதிப்பு ஜூலை 1, 3 என்று இரண்டு தவணையாகக் குறைந்தது. கடைசியில் மானியத்தில் வெட்டு. ஜூலை 24 பட்ஜெட்டில் நிதியமைச்சர் மன்மோகன் சிங் உர விலையை 40 சதவீதம் ஏற்றினார், எம்.பி.க்கள் சத்தம் போட்டதும் அது 30 ஆனது. முதலில் சொல்லும் எண்ணில் பேரம் பேச இடம் இருக்கும், சங்கம் வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டிய நேரம் அதுதான்.

அப்புறம் தேர்தல் காலண்டர். இது ரொம்ப முக்கியம், யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். 2021 நவம்பரிலிருந்து பெட்ரோல் விலை அசையவே இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைனில் போர் தொடங்கிக் கச்சா எண்ணெய் 100 டாலரைத் தாண்டியும் அசையவில்லை. மார்ச் 10 அன்று ஐந்து மாநிலத் தேர்தல் முடிவு வந்தது. மார்ச் 22 முதல் கிட்டத்தட்ட தினமும் 80 பைசா வரை ஏற ஆரம்பித்தது, அதே நாளில் சிலிண்டர் விலையும் 50 ரூபாய் ஏறியது. வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் வாடகை ஒப்பந்தம் போடும்போது ஓட்டு எண்ணும் தேதியைப் பார்த்துப் போடுங்கள்.

கல்யாணத்துக்கு நகை வாங்க இருப்பவர்களும் கையிருப்பைக் கவனியுங்கள். டாலர் வெளியே போவதைத் தடுக்க அரசுக்குச் சட்டென்று தோன்றுவது தங்கம்தான். 2022 ஜூலை 1 அன்று தங்கத்தின் இறக்குமதி வரி 10.75 சதவீதத்திலிருந்து 15 ஆனது. அதற்கு பட்ஜெட் வரை காத்திருக்கத் தேவையில்லை, ஓர் அறிவிக்கை போதும்.