ஹார்முஸ் நீரிணையைக் கடக்கும் டேங்கருக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்

சோமாலியக் கொள்ளையருக்காகத் தீட்டிய பாதுகாப்புத் திட்டத்தைத் தேதி மட்டும் மாற்றி ஹார்முஸுக்கும் கொண்டுபோவது பெரிய தவறு. அந்தத் திட்டத்தில் ஊழியர்கள் எஞ்சின் அறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வார்கள். ஹார்முஸில் கப்பலின் உடலில் ஒட்டவைக்கும் காந்தக் கண்ணிவெடி நீர்மட்டத்தை ஒட்டித்தான் வெடிக்கும். அப்போது எஞ்சின் அறைதான் முதலில் வெள்ளம் புகும் இடம். ஆகவே ஒன்றுகூடும் இடத்தை நீர்மட்டத்துக்கு மேலே, குடியிருப்புப் பகுதியின் நடுவில், கண்ணாடி ஜன்னல் இல்லாத தாழ்வாரமாகத் தேர்ந்தெடுங்கள். இரவில் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

2024இல் நாளொன்றுக்குச் சுமார் 2 கோடி பேரல் எண்ணெய் இவ்வழியே போனது. சவூதிக்குச் செங்கடல் துறைமுகமான யான்பு வரையிலும், அபுதாபிக்கு நீரிணைக்கு வெளியே உள்ள ஃபுஜைரா வரையிலும் எண்ணெய்க் குழாய் உண்டு. குவைத்துக்கும் கத்தாருக்கும் மாற்றுவழியே கிடையாது. அந்தச் சரக்கை எடுக்க நீரிணைக்குள் போய்த்தான் ஆக வேண்டும்.

போர் அபாயக் காப்பீட்டை முதலில் முடியுங்கள். கூடுதல் பிரீமியம் வழக்கமாக 7 நாளுக்குத்தான். 10 கோடி டாலர் மதிப்புள்ள கப்பலுக்கு 0.25 சதவீதம் என்று விலை சொன்னால், ஒரு பயணத்துக்கு இரண்டரை லட்சம் டாலர். துறைமுகத்தில் பெர்த் (கப்பலைக் கட்டும் இடம்) கிடைக்கத் தாமதமாகி எட்டாம் நாளும் வளைகுடாவுக்குள்ளேயே நின்றால் மறுபடி கட்ட வேண்டும். அதை யார் தலையில் போடுவது என்பதை வாடகை ஒப்பந்தத்தில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். வணிகக் கப்பல்களோடு தொடர்பு வைக்கும் பிரிட்டிஷ் கடற்படை மையமான யு.கே.எம்.டி.ஓ.வுக்கு நுழையும்போது ஓர் அறிக்கை, பிறகு தினம் ஒன்று, வெளியேறும்போது ஒன்று.

ஃபுஜைராவுக்கு வெளியே நங்கூரம் போட்டு நாள்கணக்கில் காத்திருக்காதீர்கள். 2019 மே 12 அன்று நான்கு கப்பல்கள் சேதமடைந்தது அங்கேதான். தள்ளி, ஆழ்கடலில், எஞ்சினை உடனே இயக்கும் நிலையில் மிதந்து நில்லுங்கள். பக்கவாட்டில் தொங்கும் ஏணி, கயிறு எதுவும் இருக்கக் கூடாது. டேங்குகளின் ஆக்ஸிஜன் அளவையும் சரிபாருங்கள்: 8 சதவீதத்துக்குக் கீழே, தீப்பிடிக்க விடாத இனர்ட் வாயு வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். கச்சா எண்ணெயைவிட அதன் ஆவிதான் வெடிக்கும். அதனால் காலி டேங்கோடு உள்ளே வரும் கப்பலுக்கு இந்தச் சோதனை இன்னும் முக்கியம்.

இனி ஜி.பி.எஸ். பலர் அலட்சியம் செய்வது இதில்தான். குழப்பம் வரும்போது அலாரம் அடிக்கும் என்று நம்பாதீர்கள். சிக்னல் அறுந்தால் அலாரம் வரும். பொய் சிக்னல் வந்தால் திரை அமைதியாகவே இருக்கும், அதில் உங்கள் கப்பல் மட்டும் தரையில் ஏறியதுபோலத் தெரியும், இல்லையென்றால் வட்டமடிப்பதுபோலத் தெரியும். பக்கத்துக் கப்பல் தன் இடத்தைத் தானே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். புள்ளி ஓரிடத்திலும் அதன் ரேடார் எதிரொலி வேறிடத்திலும் தெரிந்தால் அதுவே முதல் அறிகுறி. நுழைவதற்கு முன்பே மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். ரேடாருக்கு வேகம் ஜி.பி.எஸ்.ஸிலிருந்து வராமல், தண்ணீரில் அளக்கும் ஸ்பீட் லாக்கிலிருந்து வரட்டும். ஜைரோ திசைகாட்டியின் அட்சரேகைத் திருத்தத்தைக் கைமுறைக்கு மாற்றி 26 என்று வையுங்கள். வேகத் திருத்தத்தையும் கைமுறையாகவே கொடுங்கள். மின்னணு வரைபடத் திரையான எக்டிஸ் மேல் ரேடார் படத்தைப் படரவிடுங்கள். கரைக்கோடு வரைபடத்தோடு பொருந்தவில்லையென்றால் நம்ப வேண்டியது ரேடாரைத்தான்.

நீரிணையில் உள்ளே போக ஒரு பாதை, வெளியேற ஒரு பாதை. ஒவ்வொரு பாதையும் 2 கடல் மைல் அகலம், நடுவே 2 கடல் மைல் இடைவெளி. 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) வேகத்தில் 1 கடல் மைலைக் கடக்க 5 நிமிடம் போதும். அதனால் ஓமான் தீவிலுள்ள திதாமர் கலங்கரை விளக்கத்தை ரேடாரில் பிடித்து, 5 நிமிடத்துக்குள் ஒரு முறை ரேடார் தூரமும் திசையும் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். வெளியேறும் பாதை ஓமான் பக்கம் இருப்பது சரக்கேற்றிய கப்பலுக்குச் சாதகம். பாதையை விடாமல், ஈரானிய நீர்ப்பரப்பிலிருந்து பாதுகாப்பாக முடிந்த அளவு விலகியே போங்கள். ஏ.ஐ.எஸ்.ஸை அணைத்தால் தேடி வருபவனுக்கு நீங்கள் மறைந்துவிட மாட்டீர்கள், எதிரே வரும் கப்பலுக்குத்தான் மறைவீர்கள்.

வி.ஹெச்.எஃப். ரேடியோவில் ஈரானியக் கடற்படை அழைத்தால் பெயர், கொடி, அடுத்த துறைமுகம் ஆகியவற்றைச் சொல்லுங்கள். சர்வதேசச் சட்டப்படி நீரிணையைக் கடக்கிறோம் என்றும் சேர்த்துச் சொல்லி, நேரத்தோடு லாக் புத்தகத்தில் எழுதுங்கள். வாக்குவாதம் வேண்டாம்.

2019 ஜூலை 19 அன்று ஸ்டெனா இம்பெரோ டேங்கரிலும், 2024 ஏப்ரல் 13 அன்று எம்.எஸ்.சி. ஏரிஸ் கன்டெய்னர் கப்பலிலும் ஈரானிய வீரர்கள் ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கினார்கள். இரண்டிலும் இந்திய மாலுமிகள் பலர் இருந்தனர். இறங்குவது அரசுப் படை என்று தெரிந்தால் கொள்ளையரை விரட்டத் தண்ணீர் பீய்ச்சும் தீயணைப்புக் குழாயைத் தொடாதீர்கள். ரகசிய அபாயப் பொத்தானை அழுத்துங்கள். கப்பலில் சத்தம் வராது, செய்தி கரைக்குப் போய்விடும். யு.கே.எம்.டி.ஓ.வை அழையுங்கள். "எதிர்க்கவில்லை, ஆனால் சம்மதிக்கவும் இல்லை" என்று கேப்டன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் பிரிட்ஜுக்கு ஏறி வருவதற்குள் கப்பலின் பயணத்தைப் பதிவுசெய்யும் வி.டி.ஆர். கருவியின் சேமிப்புப் பொத்தானையும் அழுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பதிவின் மேல் புதிய பதிவு ஏறிவிடும்.