நரம்பு முனைப் புரதங்களுக்கு மோனோகுளோனல் ஆன்டிபாடி: எங்கே சறுக்குகிறது?

நரம்பு முனையின் ஒரு புரதத்தைப் பிடிக்க மோனோகுளோனல் ஆன்டிபாடி (ஒரே செல்லின் வழி வந்த செல்கள் சுரக்கும் ஒரே மாதிரியான ஆன்டிபாடி) தயாரிக்கும் பலர், எலைசா (ஆன்டிபாடி ஒட்டியதை நிறத்தால் காட்டும் சோதனை) தட்டில் நன்றாக நிறம் ஏறிய ஹைபிரிடோமாவை (ஆன்டிபாடி சுரக்கும் சுண்டெலிச் செல்லையும் மைலோமா என்ற புற்றுச் செல்லையும் இணைத்த கலப்புச் செல்) மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொட்டிவிடுகிறார்கள். இந்த வேலையில் இதைவிடப் பெரிய தவறு இல்லை. தட்டில் ஒட்டிய புரதம் பெரும்பாலும் உருக்குலைந்திருக்கும். நீங்கள் பார்க்கப்போவதோ 4% பாராஃபார்மால்டிஹைடில் பதப்படுத்திய திசு. அங்கே புரதத்தின் லைசின் அமினோ அமிலங்கள் பிணைக்கப்பட்டிருக்கும், புரதமும் தன் கூட்டாளிகளோடு பின்னிக் கிடக்கும். ஆன்டிபாடி பிடிக்க வேண்டிய இடமே மறைந்துபோயிருக்கலாம்.

அதனால் ஹைபிரிடோமாக்களைச் சலித்தெடுக்கும் முதல் சுற்றிலேயே திசு இருக்கட்டும். செல்களை இணைத்த 10 முதல் 14 நாளில் வளர்ப்புத் தட்டின் குழிகள் நிரம்பத் தொடங்கும். அதன்பின் கையில் இருப்பது சில நாள்தான். தசைச் சீவல்களை முன்கூட்டியே வெட்டி உறைய வைத்துவிடுங்கள். எலியின் உதரவிதானம் இதற்கு அருமையான திசு. சிவப்பு ஒளிர்வுள்ள ஆல்ஃபா-பங்காரோடாக்சின் என்ற பாம்பு நஞ்சு தசைப்பக்க ஏற்பிகளைக் காட்டும்; அதன் வளைவுகளுக்கு நேர் மேலே உங்கள் ஆன்டிபாடி பச்சையாகப் படிய வேண்டும். படிந்தாலும் சந்தேகம் தீராது, ஏனென்றால் நரம்பு முனைக்கும் தசைக்கும் இடைவெளி சுமார் 50 நானோமீட்டர்தான், சாதாரண நுண்ணோக்கி அதைப் பிரித்துக் காட்டாது. நரம்பை வெட்டி 3 நாள் கழித்துப் பாருங்கள். முனை சிதைந்திருக்கும்: பச்சை மறைந்து சிவப்பு மட்டும் நின்றால் அது முனையின் புரதம்.

சுண்டெலி ஆன்டிபாடியைச் சுண்டெலித் திசுவில் சோதிக்க வேண்டாம். இரண்டாம் ஆன்டிபாடி (உங்கள் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரச் செய்வது) திசுவில் ஏற்கெனவே இருக்கும் சுண்டெலியின் சொந்த ஆன்டிபாடியான ஐஜிஜியையும் பிடித்துக்கொள்ளும்.

ஆன்டிஜென் (ஆன்டிபாடியைத் தூண்டச் சுண்டெலிக்குச் செலுத்தும் பொருள்) தேர்வும் கவனம் கேட்கிறது. நரம்பு முனைப் புரதமான ஸ்நாப்-25 மனிதரிலும் சுண்டெலியிலும் அமினோ அமிலத்துக்கு அமினோ அமிலம் ஒன்றே. மனிதப் புரதத்தை ஊசி போட்டால் சுண்டெலி அதைத் தன்னுடையதாகவே எண்ணி அசட்டையாக இருந்துவிடும். கீஹோல் லிம்பெட் ஹீமோசயனின் போன்ற வலுவான கடத்திப் புரதத்தோடு பெப்டைடை (புரதத்தின் சிறு துண்டை) பிணைத்துக் கொடுப்பது ஒரு வழி. தொலைதூர இனத்தை நாடுவது இன்னொரு வழி: எஸ்வி2 என்ற வெசிக்கிள் புரதம் 1985இல் பிடிபட்டதே மின்திருக்கையின் மின்னுறுப்பிலிருந்து எடுத்த வெசிக்கிள்களை (நரம்பு முனையில் சமிக்ஞை வேதிப்பொருளைச் சுமக்கும் நுண்பைகளை) சுண்டெலிக்குச் செலுத்தியதால்தான். ஜிஎஸ்டி என்ற ஒட்டுப் புரதம் சேர்த்த புரதத்தைச் செலுத்தினால் பல குளோன்கள் (ஒரே செல்லிலிருந்து வளர்ந்த ஹைபிரிடோமாக்கள்) ஜிஎஸ்டியையே பிடிக்கும். வேறு ஒட்டுள்ள அதே புரதத்தால் சலித்து அவற்றைக் கழியுங்கள்.

வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் சோதனை) பட்டை வரவில்லையென்று நல்ல குளோனைத் தூக்கி எறிவதும் உண்டு. எஸ்வி2 போலச் சவ்வைப் பலமுறை ஊடுருவும் புரதங்கள் 95 டிகிரியில் கொதிக்க வைத்தால் திரண்டு ஜெல்லின் உச்சியிலேயே தங்கிவிடும். 37 டிகிரியில் அரை மணி வைத்தால் போதும்.

நாக்அவுட் சோதனையை (அந்தப் புரதத்தின் மரபணுவை நீக்கிய விலங்கில் ஆன்டிபாடி படியாமல் இருக்கிறதா என்று பார்ப்பதை) தவிர்க்காதீர்கள். சினாப்டோடாக்மின்-1 என்ற நரம்பு முனைப் புரதம் இல்லாத சுண்டெலிக் குட்டிகள் பிறந்த 2 நாளுக்குள் இறந்துவிடும். பிறந்தவுடன் அவற்றின் நியூரான்களைக் கல்ச்சர் செய்து அதில் பாருங்கள்.

ஒரே செல்லிலிருந்து குளோன் பெறுவதற்காகக் குழிக்குச் சராசரியாக 0.5 செல் என்று நீர்க்கச் செய்தாலும், வளரும் குழிகளில் ஏறக்குறைய 23% ஒன்றுக்கு மேற்பட்ட செல்லிலிருந்து வந்தவை. இரண்டு முறை பிரித்தெடுங்கள். அதற்கு முன்பே தாய்க் குழியின் செல்களை 10% டிஎம்எஸ்ஓவில் (உறையும்போது செல்களைக் காக்கும் திரவம்) உறைய வைத்துவிடுங்கள், உற்பத்தி நின்றுபோன குளோனுக்கு வேறு கதியில்லை. ஆன்டிபாடியின் மரபு வரிசை எடுக்கும்போது, இணைப்பில் சேர்ந்த மைலோமா துணைச்செல்லிலிருந்து வரும் பயனற்ற காப்பா சங்கிலியின் (ஆன்டிபாடியின் ஒரு பகுதி) ஆர்என்ஏ முந்திக்கொண்டு நிற்கும். அதை உங்களுடையதென்று பதிவு செய்துவிட வேண்டாம்.