ரோல் பிளேயில் நாம் சொதப்பும் இடங்கள்

கேரள எல்லையோரம் மார்த்தாண்டம், களியக்காவிளை பக்கம் நர்சிங் முடித்த பலர் இப்போது ஜெர்மன் வகுப்புக்குப் போகிறார்கள், நானும் போனேன். பேச்சுப் பயிற்சி என்றால் ரோல் பிளேதான்: ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். முதல் இரண்டு மாதம் நானும் என் கூட்டுக்காரியும் செய்தது பள்ளி ஆண்டு விழா நாடகம்.

முந்தின நாள் ராத்திரியே உரையாடலை எழுதி வரி வரியாக மனப்பாடம் செய்துவிடுவோம். "வோ டூட் எஸ் வே?", எங்கே வலிக்கிறது என்று நான் கேட்பேன், அவள் வயிறு என்பாள், அது எனக்கு நேற்றே தெரியும். ஒருநாள் டீச்சர் அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போக, அவள் முதுகு என்றாள். நான் பாட்டுக்கு "கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

எதிராளியிடம் நமக்குத் தெரியாத ஏதாவது இருந்தால்தான் பேச்சே வரும். களியக்காவிளை சந்தையில் நாம் மலையாளம் பழகியது எப்படி? மீன்காரர் மனசில் வைத்திருக்கும் கடைசி விலையைக் கறக்கப் பேசித்தானே! நர்சுகள் எழுதும் ஓஇடி ஆங்கிலத் தேர்விலும் அப்படித்தான்: 2 ரோல் பிளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், தயாராக 3 நிமிடம், நோயாளியாக நடிப்பவர் கையிலுள்ள அட்டையை நமக்குக் காட்டமாட்டார்கள். நீங்களும் ஆளுக்கொரு சீட்டு எழுதி மறைத்துக்கொள்ளுங்கள். "மாத்திரையை நிறுத்திவிட்டேன், கேட்டால் மட்டும் சொல்வேன்" என்று நோயாளி சீட்டில் இருக்கட்டும்.

அப்புறம், நடுவில் திருத்துவது. ஜெர்மனில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் பால் காட்ட வரும் டேர், டீ, டாஸ் மாறிவிட்டது என்று மூன்று பேர் சேர்ந்து கத்தினால் பேசுகிறவள் வாயை மூடிக்கொள்வாள். குறித்து வைத்து, முடிந்ததும் சொல்லுங்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் நான் அங்கேயே நிறுத்துவேன்: எதிரே தோழி உட்கார்ந்திருப்பதால் வாய் தானாக "டூ" என்று ஒருமைக்குப் போகும், ஆனால் முன்பின் தெரியாத நோயாளியை "ஸீ" என்று மரியாதையாகத்தான் பேச வேண்டும்.

புரியாவிட்டால் சட்டென்று தமிழுக்கோ மலையாளத்துக்கோ தாவுவது எல்லையோரப் பிள்ளைகளுக்கே உரிய வியாதி. "வீ பிட்டே?", என்ன சொன்னீர்கள் என்று கேட்டு மறுபடி சொல்ல வையுங்கள், அதுவும் பயிற்சிதான்.

வேஷத்தை மாற்றிக்கொள்ளவும் மறக்காதீர்கள். என் கூட்டுக்காரி கடைசி வரை நோயாளியாகவே இருந்தாள். வலியைப் பற்றி ஜெர்மனில் அருமையாகப் புலம்புவாள், கேள்வி கேட்கத்தான் வராது.