கொரிய மருத்துவத்தில் எடைக் குறைப்பு: கஷாயம் வாங்கும் முன்

கொரியாவில் பிஎம்ஐ (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) 25 தொட்டாலே உடற்பருமன். இடுப்புச் சுற்றளவில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 85 சென்டிமீட்டர் வரம்பு. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் கணக்கே தவறும்.

கொரியப் பாரம்பரிய மருத்துவர் முதலில் வியர்வை, செரிமானம், தூக்கம், மலம் எல்லாம் விசாரிப்பார். 19ஆம் நூற்றாண்டில் கொரிய மருத்துவர் லீ ஜெ-மா வகுத்த நான்கு உடல்வாகுகளில் நீங்கள் எது என்று பார்க்கத்தான். அவற்றில் ஒன்றான 'தேஉம்' வாகினருக்குரிய பழைய கஷாயம் தேஉம்-ஜோவி-தாங். அதன் மூல அளவில் உலர்ந்த கஷ்கொட்டை 3 தோன், முள்ளங்கி விதை 2 தோன், எபெட்ரா என்ற மூலிகை 1 தோன் உண்டு. ஒரு தோன் 3.75 கிராம்.

கவனிக்க வேண்டியது இந்த எபெட்ராதான். இதிலுள்ள எபெட்ரின் பசியை அடக்கும். நெஞ்சுப் படபடப்பும் ரத்த அழுத்தமும் ஏற்றும். அமெரிக்கா 2004இல் எபெட்ரின் கலந்த சத்து மாத்திரைகளைத் தடை செய்தது. இதய நோய், உயர் ரத்த அழுத்தம், தைராய்டு மிகைப்பு, கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா), கர்ப்பம் இருந்தால் வேண்டவே வேண்டாம். சளி மாத்திரையில் சூடோஎபெட்ரின் இருந்தாலும், சில மனச்சோர்வு மருந்துகள் எடுத்தாலும் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். காபியையும் குறையுங்கள். கஷாயத்தை மாலையில் குடித்தால் தூக்கம் போகும். இணையத்தில் வாங்கும் பொட்டலத்தில் எபெட்ராவின் அளவு தெரியாது, அதைத் தொடாதீர்கள்.

எடையை மட்டும் பார்த்தால் போதாது. மூட்டு வலி, படியேறும்போது மூச்சிரைப்பு, தூக்கம், கூட்டத்தில் கூச்சம் ஆகியவற்றுக்குத் தொடங்கும் முன்பே மதிப்பெண் போட்டு, மாதாமாதம் ஒப்பிடுங்கள். எடை இறங்கியும் தூக்கம் கெட்டிருந்தால் கஷாயத்தின் அளவை மாற்றச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள்.