செரினிட்டி படத்துக்கு முன் ஃபயர்ஃபிளை: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

ஃபயர்ஃபிளை ஒரு விண்வெளிக் கப்பலில் திரியும் குழுவைப் பற்றிய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். செரினிட்டி அதன் தொடர்ச்சியாக வந்த படம். முதல் எபிசோடைப் போட்டுப் பாருங்கள். போர்க்களத்தில் தொடங்கினால் வரிசை சரி. மதுக்கடை அடிதடியில் தொடங்கினால், அது 2002-இல் ஃபாக்ஸ் சேனல் ஒளிபரப்பிய வரிசை. அதை நம்பி உட்காராதீர்கள்.

தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடன் எடுத்த இரண்டு மணி நேர பைலட்டை, அதாவது அறிமுக எபிசோடை, சேனல் ஓரங்கட்டிவிட்டு, இரண்டாவதாக வரவேண்டிய 'தி ட்ரெயின் ஜாப்'பை செப்டம்பர் 20 அன்று முதலில் காட்டியது. பைலட் டிசம்பர் 20 அன்று கடைசியாக வந்தது. கதாபாத்திரங்களின் அறிமுகமே முடிவில்! எடுத்த 14 எபிசோடுகளில் 11 மட்டுமே அப்போது ஒளிபரப்பாயின. 2003-இல் வந்த டிவிடி தொகுப்புதான் 14-ஐயும் வீடன் நினைத்த வரிசையில் தந்தது. அதையே பின்பற்றுங்கள்: செரினிட்டி, தி ட்ரெயின் ஜாப், புஷ்வாக்ட், ஷின்டிக், சேஃப், அவர் மிஸஸ் ரேனால்ட்ஸ், ஜேன்ஸ்டவுன், அவுட் ஆஃப் கேஸ், ஏரியல், வார் ஸ்டோரீஸ், ட்ராஷ், தி மெசேஜ், ஹார்ட் ஆஃப் கோல்ட், ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. பைலட்டின் பெயரும் செரினிட்டி, 2005-இல் வந்த படத்தின் பெயரும் செரினிட்டி, கப்பலின் பெயரும் அதுவே. போதாக்குறைக்கு 2019-இல் மேத்யூ மெக்கானஹே நடித்து, இதற்குத் துளியும் தொடர்பில்லாத இன்னொரு செரினிட்டியும் வந்தது. தேடும்போது ஆண்டையும் நாயகன் நேதன் ஃபிலியன் பெயரையும் சரிபாருங்கள். படம் 119 நிமிடம் ஓடும்.

தொடர் முழுவதற்கும் சுமார் 11 மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரம் இல்லையா? ஏழு எபிசோடுகளோடு, ஆறு மணி நேரத்துக்குள் படத்துக்குத் தயாராகிவிடலாம். பைலட்டும் புஷ்வாக்டும் ரீவர்கள் என்ற வெறிபிடித்த விண்வெளிக் கொலைகாரர்கள் மீதான பயத்துக்காக. படம் அவர்களைப் பற்றி ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது. கேள்வியே மனதில் இல்லாதவருக்கு அந்தப் பதில் வெறும் தகவல். 'சேஃப்' கப்பலில் பயணிக்கும் பாதிரியார் புக்குக்காக: அவருடைய அடையாள அட்டையைப் பார்த்ததும் ஆளும் அரசான அலையன்ஸின் அதிகாரிகளின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். கப்பலின் மருத்துவன் சைமனுடைய தங்கை ரிவரின் மூளைக்கு அலையன்ஸ் ஆட்கள் என்ன செய்தார்கள் என்பது 'ஏரியல்'. அவள் கையில் துப்பாக்கி கிடைத்தால் என்ன ஆகும் என்பது 'வார் ஸ்டோரீஸ்'. படத்தில் அவள் போடும் சண்டை திடீரென்று முளைத்ததல்ல என்பது இதைப் பார்த்தவருக்கே தெரியும். 'ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்' அவள் கப்பலில் ஒருத்தியாகும் இடம். 'அவுட் ஆஃப் கேஸை' மட்டும் எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். கதைக்கு அது தேவையே இல்லை. ஆனால் அந்தத் தகரக் கப்பலை அதன் கேப்டன் மால் ஏன் விடமாட்டான் என்பது அதில்தான் இருக்கிறது.

கடைசி எபிசோடிலிருந்து நேராகப் படத்துக்குத் தாவினால் ஓர் இடறல் வரும். கப்பலில் தங்கியிருந்த இனாரா என்ற பெண்ணும் புக்கும் அங்கே இருக்கமாட்டார்கள். தான் கிளம்பப்போவதாக இனாரா 'ஹார்ட் ஆஃப் கோல்ட்' முடிவில் சொல்வாள், அது சரி. புக் போன கதையைத் தொடர் காட்டவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப 2005-இல் டார்க் ஹார்ஸ் 'தோஸ் லெஃப்ட் பிஹைண்ட்' என்று மூன்று இதழ் காமிக்ஸ் வெளியிட்டது. தொடருக்குப் பின், படத்துக்கு முன் படியுங்கள்.

இன்னொரு முரணை நீட்டி முழக்கி விளக்க முயலாதீர்கள். தான் பணம் கொடுத்ததாகவும், வேறு ஆட்கள் ரிவரைக் கடத்திக்கொண்டு வந்ததாகவும் பைலட்டில் சைமன் சொல்வான். படத்தில் அவனே மாறுவேடத்தில் உள்ளே நுழைந்து மீட்கிறான். தொடரைப் பார்க்காதவரைப் பத்து நிமிடத்துக்குள் கதைக்குள் இழுக்க இயக்குநர் வளைத்த வளைவு இது. நமக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

ஆனால் அதே தொடக்கத்தில் ஒரு நல்ல வித்தையும் உண்டு. வகுப்பறை, ஆய்வகம், ஒளிப்பதிவு என்று ஒன்றுக்குள் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். அடுத்து, கப்பலின் முன்பகுதியிலிருந்து சரக்கு அறைவரை கேப்டன் மால் நடந்துபோவதைப் பின்தொடரும் நீண்ட ஒற்றை ஷாட். போகிற வழியில் ஒவ்வொருவராக எதிர்ப்பட்டு, கடைசியில் ரிவரிடம் போய் நிற்கும். மேல்தளமும் கீழ்தளமும் தனித்தனி செட்டுகள் என்பதால் படிக்கட்டில் ஒரு வெட்டை ஒளித்துவைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை பார்க்கும்போது தேடுங்கள்.

சப்டைட்டில் வைத்துப் பார்த்தாலும் நடுநடுவே வரும் சீன மொழி வசைகளுக்குப் பொருள் வராது. உங்கள் பிரதியில் கோளாறு இல்லை, அப்படித்தான் எடுத்தார்கள். தொடரில் விண்வெளிக் காட்சிகளில் இன்ஜின் சத்தம் கேட்காததும் அப்படியே. ஒலியைக் கூட்டாதீர்கள், அடுத்த காட்சியில் காது கிழியும்.

புதியவரோடு சேர்ந்து பார்க்கிறீர்கள் என்றால் யார் பிழைப்பார், யார் மாட்டார் என்று வாயைத் திறக்காதீர்கள். படத்தின் கடைசி அரைமணி அந்தப் பயத்திலேயே ஓடுகிறது. நடிகர் பட்டியலையும் இணையத்தில் தேடவிடாதீர்கள்.

படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடவும் வேண்டாம். தொடரின் தொடக்கப் பாடல் வரிகளின்றி, கிடாரில் மட்டும் அங்கே வருகிறது.